கூட்டம் முடியும்வரை உறங்காத திரை

தன்னை யாரும் பயன்படுத்தவில்லை என்று அறிந்ததும் முதலில் திரையை மங்கச் செய்து, பிறகு அணைத்து, இறுதியில் தானும் உறங்கிவிடும்படி ஒவ்வொரு மடிக்கணினியும் அமைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரத்தையும் பேட்டரியையும் காக்கும் இந்த ஏற்பாடு, மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைத்து ஓர் அரங்கில் படம் காட்டிப் பேசும்போது இடையூறாக மாறிவிடுகிறது. விசைப்பலகையில் விழும் அழுத்தம், சுட்டியின் அசைவு, தொடுதளத்தில் படும் விரல் ஆகியவற்றைக் கொண்டுதான் கணினி ஒருவரின் இருப்பை அறிகிறது. நூறு பேர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரிவதில்லை. பேச்சாளர் ஒரே படத்தை வைத்துப் பத்து நிமிடம் விளக்கினால், அந்தப் பத்து நிமிடமும் கணினியின் கணக்கில் ஆளில்லா நேரமே ஆகும். இந்தக் கணக்கைத் திருத்தும் பொறுப்பைப் பேச்சாளரின் விரலிடம் விடாமல் ஒரு நிரலிடம் ஒப்படைப்பது எப்படி என்பதும், அதைக் கணினிக்குக் கேடு வராமல் செய்வது எப்படி என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் இக்கேள்வி நாள்தோறும் எழக்கூடிய இடங்கள் பல உண்டு. 1956இல் தோன்றி 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமக் கிராமிய நிறுவனத்திலும், அதன் பொறுப்பில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும், பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி போன்ற கல்விக்கூடங்களிலும், அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களிலும் மடிக்கணினியும் புரொஜெக்டரும் கரும்பலகைக்கு இணையாகப் புழங்குகின்றன. ஒட்டன்சத்திரம், வேடசந்தூர்ப் பகுதி மக்காச்சோள விவசாயிகளுக்கு, 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழுவைப் பற்றி ஒரு பயிற்சி நடப்பதாகக் கொள்ளலாம். புழுவின் தலையில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைக் கவிழ்த்தாற்போல் தெரியும் வெளிர்கோட்டையும், வால்பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளையும் விவசாயி தம் வயலில் அடையாளம் காண வேண்டுமானால், அந்தப் படம் திரையில் நெடுநேரம் நிற்க வேண்டும். கேள்விகள் எழ வேண்டும். மருந்தைக் குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்கும் முறை பேசப்பட வேண்டும். நல்ல பயிற்சியாளர் படத்தை விரைந்து மாற்றமாட்டார். கணினி உறங்கும் வாய்ப்பு அதிகமாவது இத்தகைய நல்ல வகுப்பில்தான் என்பது கவனிக்கத்தக்கது.

‘திரை போய்விட்டது’ என்று அரங்கில் பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் நான்கு வேறு நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, ஸ்கிரீன்சேவர் எனப்படும் திரைக்காப்பு. இதில் திரை எரிந்துகொண்டே இருக்கும், காட்டப்பட வேண்டிய படத்துக்கு மாறாக வேறொரு நகரும் படம் தோன்றும். இரண்டாவது, திரை மட்டும் அணைவது. கணினி உள்ளே விழித்திருக்கும். மூன்றாவது, கடவுச்சொல் கேட்கும் பூட்டுத்திரை. நான்காவது, முழுக் கணினியும் உறக்கநிலைக்குச் செல்வது. அப்போது நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் சென்றுகொண்டிருக்க, மற்ற உறுப்புகள் பெரும்பாலும் நின்றுவிடுவதால், புரொஜெக்டர் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பைச் சுவரில் காட்டத் தொடங்கும். இந்நான்கும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்றாலும், ஒவ்வொன்றுக்கும் தனிக் காலக்கெடுவும் தனிக் கட்டுப்பாடும் உண்டு. திரைக்காப்பை நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று கருதியவரின் கணினி அடுத்த சில நிமிடங்களில் உறங்கிவிடுவதும், உறக்கத்தைத் தடுத்தவரின் திரை அணைந்துவிடுவதும் இந்த வேறுபாட்டைக் காணாததால் நேர்பவை.

திரைக்காப்பு ஏன் பிறந்தது என்பதை அறிந்தால் இன்று அதன் தேவை எவ்வளவு என்பதும் விளங்கும். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் உட்புறம் பூசப்பட்டிருந்த பாஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சு, ஒரே எழுத்தோ கோடோ நாள்கணக்கில் அதே இடத்தில் நின்றால் அவ்விடத்தில் தேய்ந்து, அணைத்த பிறகும் அந்த உருவின் தழும்பைக் காட்டும். இதைத் தவிர்க்க, மூன்று நிமிடம் விசை எதுவும் அழுத்தப்படாவிட்டால் ஐ.பி.எம். கணினியின் திரையை வெறுமையாக்கும் சிறு நிரலை ஜான் சோச்சா எழுத, அது 1983 டிசம்பரில் ‘சாஃப்டாக்’ என்னும் அமெரிக்க இதழில் வெளியானது. பிற்காலத்தில் பறக்கும் பொருள்களும் நீந்தும் மீன்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டபோது பயன் பின்னுக்குப் போய்க் கேளிக்கை முன்னுக்கு வந்தது. இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் உள்ள எல்.சி.டி. திரையில் பாஸ்பர் பூச்சே இல்லை. ஆகவே அங்கே திரைக்காப்பு, பூட்டுத்திரைக்கு வாயிற்படியாக மட்டுமே எஞ்சி நிற்கிறது. விலையுயர்ந்த சில மடிக்கணினிகளில் வந்திருக்கும் ஓ.எல்.இ.டி. திரை இதற்கு விலக்கு: அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே தேய்வதால், அசையாப் படத்தை நாள் முழுதும் நிறுத்தி வைப்பது இன்றும் தழும்பை உண்டாக்கக்கூடும்.

திரையை அணைப்பதும் உறங்க வைப்பதும் வேறொரு வரலாற்றிலிருந்து வந்தவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992இல் ‘எனர்ஜி ஸ்டார்’ என்னும் மின்சிக்கன முத்திரையைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பொருள்கள் கணினியும் அதன் திரையுமே. அடுத்த ஆண்டில், கணினியிலிருந்து வரும் சைகைகளைக் கொண்டே திரை தன்னை அணைத்துக்கொள்ளும் பொதுமுறை வகுக்கப்பட்டது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை சேர்ந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் மின்மேலாண்மை வரையறைதான் இவற்றுள் மிக முக்கியமானது. அதுவரை தாய்ப்பலகையில் பதிந்திருந்த அடிப்படை மென்பொருளின் கையிலிருந்த உறக்க அதிகாரத்தை அது இயங்குதளத்தின் கைக்கு மாற்றியது. எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன, எது முக்கியம் என்பதை அறிந்திருப்பது இயங்குதளமே. ஆகவே ‘இப்போது உறங்க வேண்டாம்’ என்று ஒரு நிரல் முறைப்படி விண்ணப்பிக்கவும், அந்த விண்ணப்பம் மதிக்கப்படவும் வழி பிறந்தது.

இங்கே இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று, கணினியின் அமைப்புகளையே நிரல் மூலம் மாற்றிவிடுவது. விண்டோசில் ‘பவர் சி.எஃப்.ஜி.’ என்னும் கட்டளையால் திரை அணையும் காலக்கெடுவைப் பூச்சியம் என்று எழுதினால், அது ‘ஒருபோதும் அணையாதே’ என்று பொருள்படும். திரைக்காப்பையும் இவ்வாறே ஒரு செயற்கூறை அழைத்து நிறுத்திவிடலாம். லினக்ஸில் ‘எக்ஸ்செட்’ என்னும் கட்டளை இரண்டையும் செய்யும். நிகழ்ச்சி தொடங்குமுன் பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டு, புதியதை எழுதி, நிகழ்ச்சி முடிந்ததும் பழையதைத் திரும்ப எழுதும் சிறிய கட்டளைக் கோப்பை ஒரு கல்லூரி மாணவர் அரைமணி நேரத்தில் உருவாக்கிவிட முடியும். எளிமையாகத் தோன்றுவதால் பலரும் இதையே முதலில் செய்கிறார்கள்.

ஆயினும் இந்தப் பாதை நம்பத்தக்கதன்று. நிகழ்ச்சியின் நடுவே அந்த நிரல் முறிந்துபோனாலோ, பேட்டரி தீர்ந்து கணினி நின்றுபோனாலோ, அவசரத்தில் பேச்சாளர் கணினியை அணைத்துவிட்டாலோ, பழைய மதிப்பைத் திரும்ப எழுதும் கடைசி வரி ஓடாமலே போய்விடும். காலக்கெடு பூச்சியமாகவே வட்டில் பதிந்து கிடக்க, அடுத்த நாளும் அடுத்த மாதமும் அக்கணினி உறங்காது. ஏன் உறங்கவில்லை என்பது அதைப் பகிர்ந்து பயன்படுத்தும் மற்ற ஆசிரியர்களுக்குத் தெரியாது. அமைப்பு என்பது கணினியின் உரிமையாளர் தம் நிலையான விருப்பத்தை எழுதி வைக்கும் இடம். ஒரு மணிநேரத் தேவைக்காக ஒரு நிரல் அதில் கைவைப்பது, ஒரு நாள் கல்யாணத்துக்காக வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் சுவரை இடித்துக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

தமிழ்நாட்டின் மின்சார நிலையை நினைவில் கொண்டால் இதில் இன்னொரு பள்ளமும் தெரியும். ஒவ்வொரு மடிக்கணினியிலும் இருவேறு காலக்கெடுக்கள் இருக்கின்றன: மின்இணைப்பில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் ஓடும்போது மற்றொன்று. பேட்டரிக்கு உரியது பொதுவாகக் குறுகியது. கட்டளைக் கோப்பை எழுதுவோர், தம் மேசையில் மின்இணைப்பு இருக்கும்போதே சோதித்துப் பார்ப்பதால், முதல் மதிப்பை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவது வழக்கம். துணைமின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தப்படும் மின்சாரம் பிற்பகலில்தான் திரும்பும் நாள்களைத் திண்டுக்கல் மக்கள் நன்கு அறிவார்கள்; முன்னறிவிப்பின்றி வரும் மின்தடைகள் வேறு. அரங்கின் யு.பி.எஸ். புரொஜெக்டரைத் தாங்கிக்கொண்டிருக்க, சுவரிலுள்ள வேறொரு பிளக்கில் செருகப்பட்ட மடிக்கணினி மட்டும் பேட்டரிக்கு மாறினால், அதுவரை ஒழுங்காக விழித்திருந்த திரை மங்கி, சிறிது நேரத்தில் அணையும். மின்சாரம் போனதையே அறியாத அவையினருக்கு அது கணினியின் கோளாறாகவே தோன்றும்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதை அடுத்த ஆண்டுகளில், சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். முதன்முறையாக ஒரு கணினி நுழைந்த ஆயிரக்கணக்கான கிராமத்து வீடுகளில், அது பேட்டரியில்தான் பெரும்பொழுது ஓடியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. ஆகவே ஒரே கணினியில் இருவேறு இயங்குதளங்களும், அவை ஒவ்வொன்றிலும் மின்இணைப்புக்கும் பேட்டரிக்குமான தனித்தனி ஏற்பாடுகளும் இருந்தன. ஒரு பக்கம் மாற்றிய அமைப்பு மறுபக்கத்துக்குத் தெரியாது. அமைப்பை மாற்றும் பாதை எவ்வளவு சிக்கலானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாம் பாதை, அமைப்பைத் தொடாமல் இயங்குதளத்திடம் தற்காலிகமாக ஒரு பிடியைக் கேட்டுப் பெறுவது. இந்தப் பிடிக்குப் பல இயங்குதளங்களில் வழங்கும் பெயர் ‘லாக்’, அதாவது பூட்டு என்பது, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் ஊரில் தனிச்சுவையுடன் ஒலிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இது ‘வேக் லாக்’, விழிப்புப் பூட்டு. லினக்ஸின் ‘சிஸ்டம்-டி’ என்னும் மேலாண்மை நிரலில் ‘இன்ஹிபிட்டர் லாக்’, தடைப் பூட்டு. இதன் இலக்கணம் மூன்று படிகள் கொண்டது. நிரல் பூட்டைக் கேட்கிறது. இயங்குதளம் பூட்டிவிட்டு ஒரு சாவியைத் தருகிறது. வேலை முடிந்ததும் நிரல் சாவியைத் திருப்பித் தர, கணினி தன் பழைய வழக்கத்துக்குத் திரும்புகிறது. லினக்ஸ் மேசைச் சூழல்களில் அந்தச் சாவி உண்மையிலேயே ஓர் எண். ‘என்னை உறங்கவிடாதே’ என்று கேட்கும் நிரலுக்கு ஓர் எண் கிடைக்கும், அதே எண்ணைச் சொல்லித்தான் தடையை நீக்க முடியும். நிரல் நடுவில் முறிந்துபோனால் என்னாகும் என்பதற்கும் இம்முறையில் விடை உண்டு: பூட்டைக் கேட்டவர் இல்லாமல் போனதும் பூட்டு தானே திறந்துகொள்கிறது. உரிமையாளர் எழுதி வைத்த காலக்கெடுக்கள் எதுவும் மாறியிருக்கவில்லை என்பதால் சரிசெய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை.

விண்டோசில் இப்பணியை நெடுங்காலமாகச் செய்துவருவது ‘செட் த்ரெட் எக்ஸிகியூஷன் ஸ்டேட்’ என்னும் செயற்கூறு. ‘திரை தேவை’, ‘கணினி தேவை’ என்ற இரு குறிகளை அதற்குத் தரலாம். படம் காட்டுவோருக்கு இரண்டும் வேண்டும், இரவெல்லாம் கோப்பு இறக்குவோருக்கு இரண்டாவது போதும். ‘தொடர்ந்து’ என்னும் மூன்றாம் குறியைச் சேர்க்காவிட்டால், அந்த அழைப்பு உறக்கக் கடிகாரத்தை ஒருமுறை பூச்சியத்துக்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான். பிறகு கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கும். சேர்த்தால், மறுத்துச் சொல்லும்வரை அல்லது அழைத்த செயல் இழை முடியும்வரை பிடி நீடிக்கும். செயல் இழை என்பது ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர். அழைத்துவிட்டு உடனே முடிந்துபோகும் இழையிலிருந்து இக்கோரிக்கையை வைத்தால் பிடியும் உடனே போய்விடும் என்பது புதிதாக எழுதுவோர் பலர் தவறும் இடம். விண்டோஸ் 7 முதல் இன்னும் செம்மையான வழி ஒன்று உண்டு: அதில் கோரிக்கையோடு காரணத்தையும் ஒரு சொற்றொடராக எழுதித் தரலாம். ‘விளக்கக்காட்சி நடக்கிறது’ என்று தமிழிலேயே எழுதலாம். இதன் அருமை பின்னர் விளங்கும்.

திரைக்காப்பு மட்டும் இதற்குச் சற்றுப் புறம்பே நிற்கிறது. மேற்சொன்ன செயற்கூறு திரைக்காப்பை நிறுத்தாது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே குறிப்பிடுகிறது. திரைக்காப்பு தொடங்கவிருக்கும் தருணத்தில் முன்னால் நிற்கும் சாளரத்துக்கு இயங்குதளம் ஒரு செய்தி அனுப்பும். நிரல் அச்செய்தியை ஏற்று அங்கேயே நிறுத்திவிட்டால் திரைக்காப்பு தோன்றாது. ஆனால் நிறுவனத்தின் கணினி நிர்வாகி, கடவுச்சொல்லுடன் கூடிய திரைக்காப்பைக் கொள்கையாகவே விதித்திருந்தால், நிரல் என்ன செய்தாலும் அது தோன்றியே தீரும். இது குறையன்று, பாதுகாப்பு கருதி வேண்டுமென்றே வைக்கப்பட்ட வரம்பு. அத்தகைய கணினியில் நிர்வாகியிடம் பேசி விதியைத் தளர்த்தச் சொல்வதே முறை.

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் வழிகள் இருக்கின்றன. பவர்பாயிண்ட் முழுத்திரையில் படம் காட்டும்போது தானே இந்தப் பிடியைப் பெற்றுக்கொள்கிறது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த ‘பிரசன்டேஷன் செட்டிங்ஸ்’ என்னும் வசதி, தொழில்முறைப் பதிப்புகளில் கணினியை விழித்திருக்கச் செய்து, திரைக்காப்பை நிறுத்தி, இடையில் தோன்றும் அறிவிப்புகளையும் அடக்கும். அதைத் தொடங்கவும் முடிக்கவும் ஒற்றைவரிக் கட்டளை உண்டு. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் 2021இல் சேர்க்கப்பட்ட ‘அவேக்’ என்னும் கருவி, அமைப்புகளைத் தொடாமல் இத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு விழித்திருக்கச் செய்கிறது. ஆப்பிள் மடிக்கணினிகளில் 2012 முதல் ‘கேஃபினேட்’ என்னும் கட்டளை, காபி குடித்தவர்போல் கணினியை விழிக்க வைக்கிறது. லினக்ஸில் ‘சிஸ்டம்-டி இன்ஹிபிட்’ என்று எழுதி, அதைத் தொடர்ந்து படம் காட்டும் நிரலின் பெயரையும் எழுதினால், அந்நிரல் ஓடும்வரை உறக்கம் தடுக்கப்படும். இக்கருவிகள் கணினியோடு வருபவை அல்லது இலவசமாகக் கிடைப்பவை. விலை கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை.

உலாவி வழியாகப் படம் காட்டுவோர் நாளுக்கு நாள் பெருகிவருவதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இணையப் பக்கமே விழிப்புப் பூட்டைக் கேட்கும் வசதி 2020இல் குரோமிலும், 2023இல் சஃபாரியிலும், 2024இல் ஃபயர்பாக்ஸிலும் வந்தது. பாதுகாப்பான இணைப்பில் வரும் பக்கத்துக்கு மட்டுமே இது கிடைக்கும். பயனர் வேறொரு தாவலுக்கு மாறிய கணமே பூட்டு திறந்துவிடும். திரும்பி வந்ததும் பக்கம் மறுபடியும் கேட்டுப் பெற வேண்டும். இந்த மறுகேட்பை எழுத மறந்த பக்கங்களில், நடுவே ஒரு முறை வேறு தாவலைப் பார்த்துத் திரும்பிய பிறகு பாதுகாப்பு இல்லாமல் போய்விடும். பாடக் காணொளிகளைக் காட்டும் ஆசிரியர்கள் இதையொத்த இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கல்வித் துறை 2023இல் வெளியிட்ட ‘மணற்கேணி’ போன்றவற்றின் காணொளி ஓடும்போது உலாவியோ செயலியோ திரையை விழித்திருக்கச் செய்யும். ஆனால் ஆசிரியர் ஒரு காட்சியில் நிறுத்தி, இதயத்தின் அறைகளையோ மின்சுற்றையோ விளக்கத் தொடங்கியதும், காணொளி நின்றுவிட்டதால் அந்தப் பிடி பெரும்பாலும் விடுபட்டுவிடும். பாடம் உண்மையில் நடப்பது காணொளி நிற்கும் அந்த இடைவெளிகளில்தான் என்பதால், தனியாக ஒரு விழிப்புக் கருவியை ஓடவிடுவது ஆசிரியருக்கு நல்லது.

எந்தப் பூட்டாலும் தடுக்க முடியாத சில உண்டு. மூடியை மூடுவது பயனரே விரும்பிச் செய்த செயலாகக் கொள்ளப்படும். நிரலின் கோரிக்கை அதை மீறாது. வெளித்திரை இணைந்திருந்தால் லினக்ஸின் சிஸ்டம்-டி இயல்பாகவே மூடியைப் பொருட்படுத்தாது. விண்டோசிலோ, தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் மூடியவுடன் கணினி பொதுவாக உறங்கிவிடும். பேட்டரி அபாய அளவுக்கு இறங்கும்போது கணினி எந்தக் கோரிக்கையையும் பாராமல் தன்னைக் காத்துக்கொள்ளும், அது சரியே. சுட்டியைத் தானே அசைக்கும் சிறு கருவிகளும் நிரல்களும் சந்தையில் கிடைக்கின்றன. அவை கணினியை ஏமாற்றுகின்றனவே தவிர அதனிடம் எதையும் கேட்பதில்லை. யார் விழிக்க வைத்தார் என்ற பதிவும் இருக்காது, காட்சியின் நடுவே அம்புக்குறி துள்ளுவதும் நிற்காது. முறையான வழி இருக்கும்போது இவற்றை நாட வேண்டியதில்லை.

விழித்திருக்கும் கணினி திறந்திருக்கும் கணினியும் ஆகும். பள்ளி மடிக்கணினியில் மாணவர் விவரங்கள் அடங்கிய எமிஸ் தளமும், அலுவலக மடிக்கணினியில் மின்னஞ்சலும் திறந்திருக்கக்கூடும். தேநீர் இடைவேளையில் பேச்சாளர் வெளியே சென்றால், பூட்டுத்திரை வராமல் தடுக்கப்பட்ட அந்தக் கணினியை அரங்கில் உள்ள எவரும் தொடலாம். ஆகவே இடைவேளைதோறும் விண்டோஸ் விசையையும் ‘எல்’ விசையையும் சேர்த்து அழுத்திக் கையாலேயே பூட்டுவது விழிப்புப் பூட்டின் மறுபாதி என்று கொள்ள வேண்டும். தனிப்பட்ட செய்தியொன்று பேச்சின் நடுவே சுவரில் பெரிதாகத் தோன்றுவதைத் தடுக்க, திரையை இரட்டிப்பாகக் காட்டும்போது அறிவிப்புகளைத் தானே அடக்கும் விதி 2018 முதல் விண்டோஸ் 10இல் சேர்க்கப்பட்டுள்ளது. அதை ஒருமுறை இயக்கி வைத்தால் போதும்.

மறந்துபோன பூட்டின் விலையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். விழித்திருக்கும் மடிக்கணினி ஒன்று 20 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணிவரை 15 மணிநேரத்தில் அது 0.3 யூனிட் செலவிடும். 20 கணினிகள் உள்ள ஓர் ஆய்வகத்தில் ஓர் இரவுக்கு அது 6 யூனிட். மின்சாரத்தைவிடப் பெரிய இழப்பு பேட்டரிக்கு நேர்கிறது. மூடியை மூடினாலும் ஒன்றும் செய்யாதே என்று மாற்றி வைக்கப்பட்ட மடிக்கணினி, விழித்தபடியே பைக்குள் வைக்கப்பட்டு, சித்திரை வெயிலில் நத்தத்துக்கோ பழனிக்கோ பேருந்தில் பயணப்படும்போது, காற்றோட்டமின்றி உள்ளே வெப்பம் ஏறும்; தொடர்ந்து வெப்பத்தில் இருக்கும் லித்தியம் பேட்டரி தன் கொள்ளளவை விரைந்து இழக்கும். விழிப்புப் பூட்டு தானே விடுபட்டுவிடும், மாற்றி எழுதிய அமைப்பு விடுபடாது என்ற வேறுபாடு இங்கே பணமாகவே தெரியும்.

ஆகவே திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள், தம் ஊர்ப் பள்ளிக்கோ விவசாயிகள் கூட்டத்துக்கோ உதவியாக இத்தகைய நிரல் ஒன்றை எழுத முன்வந்தால், அமைப்பை மாற்றும் வரி ஒன்றுகூட அதில் இல்லாதபடி எழுத வேண்டும். கோரிக்கையோடு காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். நிகழ்ச்சி நேரத்துக்கு மேல் பிடி நீளாதபடி ஒரு காலவரம்பும் வைக்க வேண்டும். சோதிக்கும்போது மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஒருமுறையும், நிரலை வலிந்து நிறுத்திவிட்டு ஒருமுறையும் சோதிக்க வேண்டும்.

பேசி முடித்தவரும் ஒரு நிமிடம் ஒதுக்கலாம். விண்டோசில் நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘பவர் சி.எஃப்.ஜி.’ கட்டளையைக் ‘கோரிக்கைகள்’ என்னும் குறியுடன் இயக்கினால், கணினியை அந்நேரம் யார் விழிக்க வைத்திருக்கிறார்கள், எதைப் பிடித்திருக்கிறார்கள், என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்ற பட்டியல் தோன்றும். அதில் ஒரு நிரலின் பெயர் இருந்தால் அதை மூடிவிட வேண்டும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் ‘ஏதுமில்லை’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், அந்த மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைக்கலாம்.